கோடைக் குளிர்

புஷ்பராணிக்குக் குளிர் பிடித்தது கோடைக்காலத்தில்தான்.

போர் நிறுத்தத்தில் யாழ்ப்பாணப் பாதை திறந்த மறு வருசம் அது. ஓஸ்லோவில் அந்த யூலை மாதம் நல்ல வெயில் எறித்தது. ட்வெய்ட்டாவின் மாடிக் கட்டடங்களுக்குக் கீழே, புல்லில் சனம் துணி விரித்துப் படுத்துக் கிடந்தது. புஷ்பராணி கம்பளிக் காலுறையும் கை நீண்ட சுவெற்றரும் போட்டுக்கொண்டு அந்தச் சனத்துக்கு நடுவால் சுரங்க ரயிலுக்குப் போனாள்.

பூருசெட் பக்கத்தில் அவளுக்கு வேலை. பெட்டியில் அடைத்து விற்கிற சாப்பாடு செய்யும் தொழிற்சாலை. மீனும் மக்கறோனியும் வெள்ளைக் குழம்பும் கலந்து, மேலே றஸ்குத் தூள் தூவிய தட்டுகள் பட்டியில் ஒன்றன்பின் ஒன்றாக நகர்ந்து வரும். வாங்கிக்கொண்டு போகிறவர்கள் வீட்டில் சூடாக்கினால் போதும். தூள் ஒழுங்காக விழுந்திருக்கிறதா, விளிம்பில் குழம்பு வழிந்திருக்கிறதா என்று பார்த்து, துடைத்து, மூடி ஒட்டும் மெசினுக்குள் விடுவது அவளுடைய பகுதி. விளிம்பில் ஒரு மக்கறோனித் துண்டு கிடந்தாலும் மூடி ஒட்டாது. கண் வைக்க வேண்டிய வேலை. இத்தனை வருசத்தில் அவளுடைய கண் பிசகியதில்லை. அந்தக் கோடையில்தான் ஒட்டாத தட்டுகள் அவளிடம் திரும்பி வரத் தொடங்கின. தட்டு வருவது தெரியும். துடைக்க வேண்டும் என்பதும் தெரியும். கைக்கு அந்தச் செய்தி போய்ச் சேருவதற்குள் தட்டு போய்விடும்.

அந்த மண்டபம் எப்போதும் குளிர்தான். எல்லாரும் உள்ளுக்குக் கம்பளி போட்டுத்தான் நிற்பார்கள். அதனால் ஒருவருக்கும் வித்தியாசம் தெரியவில்லை. வேலை முடிந்து வெளியே வெயிலுக்கு வந்த பிறகும் அவளுக்கு மட்டும் குளிர் விடவில்லை.

தட்டு நெளிந்தால் கடைக்குப் போகாது. உள்ளிருக்கும் சாப்பாட்டில் குறை ஒன்றும் இல்லை என்பதால் வேலையாட்கள் கொண்டுபோகலாம். முந்தியெல்லாம் புஷ்பராணி மாதத்துக்கு ஒருதரம், மகள் தனுஷாவுக்கு விருப்பம் என்று, ஒன்றிரண்டு கொண்டுவருவாள். இப்போது குளிர்பெட்டி முழுக்க நெளிந்த தட்டுகள். வெங்காயம் வெட்ட நிற்க அவளால் முடியவில்லை. தட்டை அடுப்புக்குள் தள்ளிவிட்டுச் சோபாவில் சாய்ந்தால், அடுப்பு மணி அடித்தும் எழும்ப மாட்டாள். தனுஷாதான் ஓடிப்போய் எடுப்பாள்.

கணவன் குகநேசன் பஸ் ஓட்டுகிறவன். பின்னேரம் வேலை முடிந்து வந்து, மேசையில் இருந்ததைக் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டு நின்றான்.

"இண்டைக்கும் பெட்டிதானோ?"

"எனக்கு ஏலாமல் கிடக்குதப்பா."

"ஏலாதெண்டால் எங்கை நோகுது?"

"ஒரு இடமும் நோகேல்லை."

"நோகாத வருத்தம் என்ன வருத்தம்? எழும்பிறீர், வேலைக்குப் போறீர், வந்து படுக்கிறீர். சாப்பாடும் கொஞ்சந்தான், ஆனால் உடம்பு வைச்சுக்கொண்டு போகுது. இதுக்கு வருத்தமெண்டு பேரில்லை, புஷ்பம். வேறை பேர்."

அந்தப் பேரை அவன் சொல்லவில்லை. சொல்லாவிட்டாலும் அவளுக்குக் கேட்டது. அவள் பிளேற்றை எடுத்து அவனுக்குப் போட்டாள். மீன் எங்கே, மக்கறோனி எங்கே என்று தெரியாத அந்த வெள்ளைக் குழம்பை அவன் கரண்டியால் கிளறிக் கிளறிச் சாப்பிட்டான். வடக்கே பாட்ஸ்பியோர்ட்டில் மீன் வெட்டிக்கொண்டிருந்த காலத்தில் பெடியங்களுக்கெல்லாம் குழம்பு வைத்துக் கொடுத்தவன் அவன். கலியாணம் முடித்த பிறகு அகப்பையைத் தொட்டதில்லை.

இது வருத்தந்தான், நோய்தான் என்று முதலில் சொன்னவள் தூரில் என்கிறவள். பட்டியின் மற்றப் பக்கத்தில் நிற்கிற நோர்வேக்காரி, உரத்த பேச்சுக்காரி. ஒருநாள் கோப்பி நேரத்தில் புஷ்பராணியின் முகத்துக்குக் கிட்டக் குனிந்து பார்த்தாள்.

"உன் புருவத்தின் வெளி நுனி எங்கே போனது? குரலும் தடித்துவிட்டது. நீ கதைக்கும்போது என் அண்ணன் கதைக்கிற மாதிரி இருக்கிறது. போய் இரத்தம் எடுத்துப் பார். எனக்கும் இப்படித்தான் இருந்தது."

புஷ்பராணி கழிப்பறைக் கண்ணாடியில் போய்ப் பார்த்தாள். உண்மைதான். இரண்டு புருவமும் பாதியில் நின்றன. எப்போது உதிர்ந்தன என்று தெரியவில்லை. பயத்தைவிட அதிசயமாகத்தான் இருந்தது அவளுக்கு. ஒவ்வொரு நாளும் பார்க்கிற முகம்.

குடும்ப வைத்தியர் இளம் பெண். இரத்தம் எடுத்தார். ஒரு கிழமை கழித்துக் கூப்பிட்டு, ஸ்டோஃப்ஷிஃப்டெ குறைவு என்றார். நாள்தோறும் ஒரு சின்னக் குளிசை, அநேகமாக ஆயுளுக்கும் போட வேண்டி வரும் என்றார். எப்படிப் போட வேண்டும் என்றும் சொல்லியிருப்பார். அந்த நேரம் புஷ்பராணியின் தலைக்குள் ஒரு சொல்தான் சுற்றிக்கொண்டிருந்தது. வீட்டுக்கு வந்து மகளிடம் கேட்டாள்.

"ஸ்டோஃப் எண்டால் துணிதானே பிள்ளை? ஷிஃப்டெ எண்டால் மாத்திறது. நான் துணி மாத்திறது காணாதெண்டு சொல்லுறாவோ?"

தனுஷா சிரித்துச் சிரித்துச் சோபாவில் விழுந்தாள். "ஐயோ அம்மா. ஸ்டோஃப் எண்டால் பொருள் எண்டும் வரும். நீங்கள் சாப்பிடுறதை உடம்பு வேறை பொருளா மாத்துது, சூடா, சக்தியா. எங்களுக்கு நாத்தூர்ஃபாக்கிலை, விஞ்ஞானப் பாடத்திலை படிப்பிச்சவை. கழுத்திலை இருக்கிற தைரொயிட் சுரப்பிதான் எவ்வளவு கெதியா மாத்திறதெண்டு சொல்லுறது. உங்கடை சுரப்பி மெல்லமாச் சொல்லுது."

"ஆர் அதுக்கு மெல்லமாச் சொல்லச் சொன்னது?"

"எனக்குத் தெரியாது."

அந்தக் கேள்வி புஷ்பராணியை விடவில்லை. சுகம் வர வேண்டும் என்பதைவிட, இது எங்கேயிருந்து வந்தது என்று அறிய வேண்டும் போல இருந்தது.

அறிந்தவர்கள் தேடி வந்தார்கள். சனிக்கிழமை, குகநேசனோடு பஸ் ஓட்டும் வின்சென்ற் ஒரு பையோடு வந்தான். நல்ல மனிசன். ஊரில் ஒருவருக்கு இருமல் என்றாலும் மூன்று கைமருந்து சொல்லுவான்.

"அக்கா, இதுக்கெல்லாம் காரணம் பெட்டிச் சாப்பாடுதான். கெடாமல் இருக்க அதுக்குள்ளை போடுற மருந்துகள் நேரா இந்தச் சுரப்பியிலைதான் போய் இருக்குமாம். நீங்கள் இனிக் கோவா மாதிரி மரக்கறியள் தொடாதேங்கோ. புறொக்கோலி, பூக்கோவா, கடுகு, மரவள்ளி ஒண்டும் வேண்டாம். பால் வேண்டாம். பாணும் விட்டால் நல்லது."

"அப்ப நான் எதைத் தம்பி சாப்பிடுறது?"

அவன் பையிலிருந்து ஒரு போத்தலை எடுத்து வைத்தான். "இது கடற்பாசித் தூள். முழுக்க அயடின். காலமை ரண்டு கரண்டி. குளிசை போட்டுப் பழகினியளோ, பிறகு விடேலாது."

அவள் போத்தலைத் திறந்து மணந்தாள். வற்றிய கடலின் மணம். விரல் நுனியில் தொட்டு நாக்கில் வைத்துப் பார்த்துவிட்டு மூடினாள். உப்பும் கசப்பும். கரையில் நடந்தால் காலில் சிக்குகிற சாதாளைதான், வேறொன்றுமில்லை.

வின்சென்ற் போன கையோடு குகநேசன் குளிர்பெட்டியைத் திறந்தான். நெளிந்த தட்டுகளை ஒவ்வொன்றாக எடுத்துக் கறுப்புப் பையில் போட்டான். புஷ்பராணி கதவடியில் நின்று பார்த்தாள். ஒவ்வொரு தட்டின் விளிம்பும் அவள் துடைத்தது.

"எங்களுக்கு நஞ்சையெல்லோ தந்திருக்கிறீர், தெரியாமல்," என்றான். கோபமாகக்கூடச் சொல்லவில்லை. அதுதான் அவளைச் சுட்டது.

அன்றிலிருந்து அவன் சமைத்தான். அவித்த அரிசி, அவித்த போஞ்சி, கடுகு போடாத பருப்பு. ருசி இருக்கவில்லை. என்றாலும் அவன் வேலை முடிந்து வந்து சட்டைக் கையை மடித்துக்கொண்டு அடுப்படியில் நிற்பதை அவள் சோபாவிலிருந்து அதிசயமாகப் பார்த்தாள்.

ஆனால் கேள்வி தீரவில்லை. அதற்குப் பிறகு அவள் வேலைக்குப் போன முதல் நாளே, குழம்பு கலக்குகிற பகுதியில் நிற்கிறவனிடம் போய், உள்ளே என்னென்ன விழுகிறது என்று கேட்டாள். அவன் பெரிய தொட்டியைக் காட்டி ஒவ்வொன்றாகச் சொன்னான். பால், கோதுமை மா, மீன், முட்டைத்தூள், உருளைக்கிழங்கு மா, உப்பு. உப்பு மட்டும் வாளிக்கணக்கில் இருந்தது. மருந்து எது என்று அவள் கேட்டாள். அவன் யோசித்துவிட்டு, உப்பைத்தான் சொல்ல வேண்டும் என்றான்.

பிறகு ட்வெய்ட்டா சென்ரரில் கடைக்குப் போனாலும் அவள் பெட்டிகளைத் திருப்பித் திருப்பி வாசித்தாள். சொசேச்சில் இறைச்சியோடு மாவும் சோயாவும் இருந்தது. பழத்தயிரில் பழத்தைவிடச் சீனி கூட. பீற்சாவில் சீஸ் என்று நினைத்ததில் பாதி தாவர எண்ணெய். ஒரு பெட்டியும் அவளுடைய சுரப்பியைப் பற்றி ஒன்றும் சொல்லவில்லை. தனுஷா வண்டிலைப் பிடித்துக்கொண்டு, "அம்மா, எல்லாரும் பாக்கினம். வாங்கோ," என்று கெஞ்சுவாள்.

இலையுதிர்காலத்தில் மறுபடி இரத்தம் எடுத்தார்கள். இம்முறை குகநேசனும் கூடப் போனான். குளிசை சரியில்லை என்று சொல்ல வேண்டும் என்பது அவனுடைய நினைப்பு. அவன் சொல்ல முந்தியே வைத்தியர் கணினியைப் பார்த்து, "சுரப்பி குறைந்தால் ஏறுகிற அளவு இது, இன்னும் இறங்கவே இல்லையே," என்றார். குளிசையைக் கூட்டுவதற்கு முதல் ஒரு கேள்வி என்றார். "விடிய எழும்பியதிலிருந்து என்ன செய்கிறீர்கள் என்று சொல்லுங்கள்."

புஷ்பராணி சொன்னாள். எழும்புவாள். வின்சென்ற் சொல்லியும் விட முடியாத பால்தேத்தண்ணியை ஊற்றுவாள். அந்தத் தேத்தண்ணியோடு குளிசையைப் போடுவாள். இரத்தம் குறைவு என்று முந்தித் தந்த இரும்புக் குளிசையையும் மறந்துபோகாமல் கூடவே போடுவாள்.

வைத்தியர் தலையை ஆட்டினார். கோபப்படவில்லை. "பாலும் இரும்பும் அந்தக் குளிசையைப் பிடித்து வைத்துக்கொள்ளும். உடம்புக்குள் அரைவாசிகூடப் போயிருக்காது. தனியாக, தண்ணீரோடு போடுங்கள். தேத்தண்ணி அரை மணித்தியாலம் கழித்து. இரும்பைப் பின்னேரத்துக்கு மாற்றுங்கள். நான்கு மணித்தியாலமாவது இடைவெளி வேண்டும். சோயா நிறையச் சாப்பிட்டாலும் இதேபோலத்தான்."

"அவ பால் குடிக்கலாமோ?" குகநேசன் நோர்வே மொழியில் கேட்டான்.

"கட்டாயம். இந்த நாட்டில் அயடின் பாதி பாலில்தான் வருகிறது. மீதி மீனில்."

"கோவா?"

"அவித்துச் சாப்பிடுகிற அளவில் ஒன்றும் செய்யாது."

"கடற்பாசித் தூள்?"

"அதை மட்டும் தொட வேண்டாம். அயடின் அளவுக்கு மிஞ்சினால் இந்தச் சுரப்பி இன்னும் படுத்துவிடும்."

குகநேசன் சின்னப் பெடியனைப் போல ஒவ்வொன்றாகக் கேட்டான். கடைசியாகப் புஷ்பராணி கேட்டாள். தொண்டையைச் செருமிக்கொண்டு, அந்தத் தடித்த குரலில்.

"நான் பெட்டிச் சாப்பாடு செய்கிறவள். வீட்டிலும் அதைத்தான் சாப்பிட்டோம். அதனாலா வந்தது?"

வைத்தியர் கதிரையை அவள் பக்கம் திருப்பினார். "இல்லை. அதில் உப்பும் சீனியும் அதிகம், அதனால் வேறு கேடுகள் வரலாம். நார்ச்சத்தும் மரக்கறியும் சேர்த்தால் உங்களுக்கு வயிறு இளகும், களைப்புக்கும் நல்லது. ஆனால் இது சாப்பாட்டால் வந்ததல்ல. கிருமியை அடிக்கிற உடம்புக் காவல் தவறிப்போய் உங்கள் சுரப்பியையே அடிக்கிறது. இரத்தத்தில் அதன் அடையாளம் இருக்கிறது. ஏன் என்று எங்களுக்கும் முழுக்கத் தெரியாது. குடும்பங்களில் ஓடும். உங்கள் அம்மாவுக்கோ சகோதரிகளுக்கோ இருக்கிறதா?"

"இல்லை," என்றாள் புஷ்பராணி.

வெளியே வந்து பஸ் தரிப்பில் நின்றார்கள். மழை தூறிக்கொண்டிருந்தது. குகநேசன் குடையை விரித்து அவள் பக்கமாகச் சரித்துப் பிடித்தான். நாலைந்து பஸ் வந்து போய்விட்டது, இருவரும் ஏறவில்லை.

"நான் பேசினது பிழைதான், புஷ்பம்," என்றான் அவன்.

அது அவள் காதில் விழவில்லை. "இஞ்சையப்பா, நான் பொய் சொல்லிப்போட்டன்," என்றாள்.

"என்ன பொய்?"

"சகோதரியளுக்கு இல்லையெண்டு. எங்கடை பவளக்கா."

பவளத்தைக் குகநேசன் தங்கள் கலியாணத்துக்கு ஊருக்குப் போனபோது ஒருதரம் பார்த்திருக்கிறான். கொடிகாமத்தில் தம்பியின் வீட்டுப் பின்னறையில் இருக்கிறவள். ஊதிய முகம், மெல்ல நடப்பாள். அவ்வளவுதான் அவனுக்கு நினைவு. புஷ்பராணிக்குத்தான் மிச்சம் தெரியும். இருபத்து மூன்று வயதில் கலியாணம் முடித்துப் போனாள் பவளம். இரண்டு வருசத்துக்குள் மாமியார் கொண்டுவந்து விட்டுவிட்டுப் போனாள். விடிய எழும்புகிறாளில்லை, அடுப்படியில் இருந்து தூங்குகிறாள், வயிற்றிலும் ஒன்றும் தங்குகிறதில்லை. இந்தப் பொம்பிளையை வைத்து நாங்கள் என்ன செய்கிறது. வீட்டிலும் அதையேதான் சொன்னார்கள். அம்மா சொன்னா, தம்பி சொன்னான். பள்ளிக்கூடம் போக முன்னம் முற்றம் கூட்ட வேண்டியிருந்த எரிச்சலில் புஷ்பராணியும் சொன்னாள். சோம்பேறிப் பவளம். ஊர்ப் பிள்ளைகள்வரை அந்தப் பேர் போயிருந்தது.

பவளத்திடம் போன் இல்லை. சந்தியில் இருந்த கொமினிகேசன் என்கிற போன் கடைக்கு அடித்துச் சொன்னால், கடைப் பெடியன் சைக்கிளில் போய்க் கூட்டிவருவான். ஞாயிற்றுக்கிழமை போன் காட் வாங்கி அடித்தாள். முதலில் எல்லாரும் கேட்பதைப் போல மழையைப் பற்றியும், திறந்த பாதையால் கொழும்புச் சாமான் வருவதைப் பற்றியும் கதைத்தார்கள். பிறகு புஷ்பராணி கேட்டாள்.

"அக்கா, உங்களுக்குக் குளிருறதோ?"

"இஞ்சை என்ன குளிர்? ஏன் கேக்கிறாய்?"

"சும்மா சொல்லுங்கோ."

"குளிரும்," என்றாள் பவளம். "பங்குனி வெயிலுக்குள்ளையும் போர்த்துக்கொண்டு படுப்பன். பிள்ளையள் சிரிக்கும்."

"தலைமயிர் கொட்டுதோ? புருவம்?"

"புருவம் எப்பவோ போட்டுது. நீ என்ன சாத்திரியைப் போலக் கேக்கிறாய்?"

"குரல்?"

"உனக்கே கேக்குதுதானே."

கேட்டது. இத்தனை வருசமும் போன் லைனின் கரகரப்பு என்று நினைத்திருந்தாள்.

எல்லாவற்றையும் சொன்னாள் புஷ்பராணி. குறுக்கே கேளாமல் கேட்டுக்கொண்டிருந்தாள் பவளம். பிறகு, "இரத்தம் எடுக்க வேண்டாம். இந்த வயசிலை எனக்கென்னத்துக்கு?" என்றாள். தம்பிக்கு அலைச்சல் என்றாள். ஆசுப்பத்திரிக்குப் போகிற நாளில் ஆர் மாட்டைக் கட்டுறது என்றாள். புஷ்பராணி சொல்லிச் சொல்லிப் பார்த்து அலுத்துப்போன நேரத்தில், அடுப்படியிலிருந்து வந்த குகநேசன் கையை நீட்டி ரிசீவரை வாங்கினான்.

"மச்சாள், நான் குகன். ஓம், சுகம். நீங்கள் போய் எடுக்கத்தான் வேணும். எனக்காக எண்டு நினைச்சுக்கொள்ளுங்கோ. நானும் இவவைச் சோம்பேறியெண்டுதான் நினைச்சனான். ஓம், வாயாலை சொல்லேல்லை, ஆனால் நினைச்சனான். உங்களுக்கும் இருக்கெண்டால் எனக்கும் தெரிய வேணும்."

அந்தப் பக்கம் என்ன சொன்னாள் என்று புஷ்பராணிக்குக் கேட்கவில்லை. ரிசீவரைத் திருப்பித் தந்துவிட்டு அவன் அடுப்படிக்குப் போனான். அன்றைக்கு அவன் கோவா வறை வைத்தான், கடுகு வெடிக்க விட்டு. டொஸ்க் மீனைப் பழப்புளி விட்டுக் குழம்பு வைத்தான். மணம் வீடு முழுக்கப் பரவியது.

யாழ்ப்பாணத்தில் எடுத்த இரத்தம் கொழும்புக்குப் போய்த் திரும்பி வர ஒரு மாதத்துக்கு மேல் சென்றது. அதற்குள் புஷ்பராணிக்கு மெல்ல மெல்ல உடம்பு வெளிச்சத்துக்கு வந்தது. அதை எப்படிச் சொல்வது என்று அவளுக்குத் தெரியவில்லை. ஒருநாள் பட்டியில் நின்றபோது, வருகிற தட்டின் விளிம்பில் ஒட்டியிருந்த றஸ்குத் துகளைத் தட்டு கிட்ட வர முந்தியே கண்டாள். கை தானாகப் போனது. மறுபக்கத்தில் நின்ற தூரில் கட்டைவிரலை உயர்த்திக் காட்டினாள். அந்த வெள்ளி பின்னேரம் நெளிந்த தட்டு ஒன்று வீட்டுக்கு வந்தது. குகநேசன் அதற்குப் பக்கத்தில் கரட் சம்பலும் கீரையும் வைத்துத் தனுஷாவுக்குக் கொடுத்துவிட்டு, தானும் ஒரு கரண்டி எடுத்துக்கொண்டான்.

வெளியில் முதற்பனி கொட்டிய ஒரு காலை, பவளம் தானாகவே போன் எடுத்தாள். அவள் அப்படி எடுப்பதில்லை.

"றிசல்ற் வந்திட்டுது. உனக்கிருக்கிற அதேதானாம். உன்னைவிடக் கனக்கக் கூடவாம். டொக்டர் என்னைப் பாத்து, நீங்கள் எப்பிடி அம்மா நடந்து வந்தனீங்கள் எண்டு கேட்டவர்."

புஷ்பராணி கதிரையொன்றை இழுத்து அதில் இருந்தாள்.

"இது எப்ப தொடங்கியிருக்குமெண்டு கேட்டனான்," என்றாள் பவளம். "சொல்லேலாதாம். கன வருசமா இருந்திருக்கலாமாம். நான் முடிச்சுப் போன காலத்திலையும் இருந்திருக்குமோ?"

"இருந்திருக்கும் அக்கா."

"பிள்ளை தங்காததும் இதாலையாம் இருக்கலாம். அதையும் கேட்டனான்."

கொமினிகேசன் கடைக்கு முன்னால் ஏதோ லொறி போகிற சத்தம் கேட்டது. அக்கா, நானும் உங்களை அந்தப் பேர் சொல்லிக் கூப்பிட்டனான் என்று சொல்லப் புஷ்பராணி வாயெடுத்தாள். அதற்குள் பவளமே தொடர்ந்தாள். குரலில் ஒரு புது ஆவல் இருந்தது.

"குளிசை தந்திருக்கினம். சின்னதிலை தொடங்கி மெல்ல மெல்லக் கூட்டுவினமாம். நீ எப்பிடிப் போடுறனீ?"

"விடிய எழும்பி, வெறுவயித்திலை, வெறுந்தண்ணியோடை. பால்தேத்தண்ணியோடை போட்டிடாதேங்கோ, நான் அதைச் செய்துதான் கெட்டனான். போட்டிட்டு அரை மணித்தியாலம் ஒண்டும் வாயிலை வைக்கக் கூடாது."

"அந்த அரை மணித்தியாலம் என்ன செய்யிறது?"

"ஒண்டும் செய்யத் தேவையில்லை. சும்மா இருக்க வேண்டியதுதான்."

"சும்மா இருக்கவோ?" என்றாள் பவளம். "டொக்டரோ சொன்னவர்?"

"ஓம்."

அந்தப் பக்கத்தில் மூச்சு விக்கியது போல ஒரு சத்தம். அழுகிறாள் என்றுதான் புஷ்பராணி நினைத்தாள். பிறகுதான் விளங்கியது. பவளம் சிரிக்கிறாள். அந்தத் தடித்த குரலில், அடக்கப் பார்த்து அடக்க முடியாமல், கடைப் பெடியன் என்னவோ ஏதோ என்று வந்து கேட்கும் அளவுக்குச் சிரித்தாள். "ஒண்டுமில்லை தம்பி, ஒண்டுமில்லை," என்று அவனுக்குச் சொல்வதும் போனுக்குள் கேட்டது.

"நாளைக்கே தொடங்குறன்," என்றாள். "கதிரையைக் கொண்டுபோய் எங்கடை தம்பியின்ரை மனிசி முற்றம் கூட்டிற இடத்திலை போட்டிட்டு இருக்கப்போறன்."